செதுக்கியவர் இறந்த ஆண்டு எங்கே?

1842-இல் அச்சான தாவரப் படங்கள், மொத்தம் 72. காப்பகம் அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் குறுக்கே வாட்டர்மார்க், கீழே "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே". பதிப்புரிமை எப்போதோ காலாவதியான படத்துக்கு இது எப்படி என்று கேட்கப்போய் ஏழு மாதம் அலைந்தேன். போன வாரம்தான் கோப்புகள் கைக்கு வந்தன. ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

படங்களைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்ததில் சிக்கல் இல்லை. நேரில் போனபோது அலுவலர், "படம் பழசுதான், சரி. ஸ்கேன் எடுத்தது நாங்கதானே?" என்றார். பதில் தெரியாமல் திரும்பிவிட்டேன். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். தட்டையான ஓவியத்தை உள்ளது உள்ளபடி படமெடுத்தால் அதில் புதிய பதிப்புரிமை பிறக்காது என்று பிரிட்ஜ்மன் வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை நெறியில் 14-ஆம் பிரிவும் காட்சிக் கலைப் படைப்புகளுக்கு ஏறக்குறைய இதையே சொல்கிறது. இவை உங்கள் நாட்டுக்குச் செல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அச்செடுத்து மேசைமேல் வையுங்கள், பேச்சின் போக்கே மாறும். என் விஷயத்தில் சட்டத்தைவிட எடுபட்டது, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட செய்தி. "அவ்வளவு பெரிய இடமே கொடுத்திருக்கா?" என்று தலைமைக் காப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் பெரிய முட்டுக்கட்டை. பதிப்புரிமைக் காலத்தைப் படைத்தவர் இறந்த ஆண்டிலிருந்துதானே எண்ணுகிறார்கள். "வரைந்தவர் இறந்த ஆண்டு இருக்கு, செதுக்கியவருடையது எங்கே?" என்று காப்பகத்தில் கேட்டார்கள். படத்தின் கீழே இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஓவியர் பெயர், வலது ஓரத்தில் அந்தப் படத்தை அச்சுத் தகட்டில் செதுக்கியவர் பெயர். இரண்டாவதை நான் கவனிக்கவே இல்லை. அவர் இறந்த ஆண்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கோப்பு நகரவில்லை. கடைசியில் ஒரு கணக்கு எழுதிக்கொடுத்தேன். 1842-இல் அவருக்கு 20 வயதுதான், 100 வயதுவரை வாழ்ந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் இறந்தது 1922. அதற்குமேல் 70 ஆண்டு கூட்டினாலும் 1992-உடன் உரிமை முடிந்துவிடுகிறது. அரைப் பக்கம்தான். இரண்டே நாளில் கையெழுத்து விழுந்தது! முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, கடிதத்தில் "வாட்டர்மார்க் இல்லாத அசல் டிஃப் (TIFF) கோப்பு", அதாவது ஸ்கேனின் முழு அளவுக் கோப்பு, என்று தெளிவாக எழுதுங்கள். நான் வெறுமனே "படங்கள்" என்று எழுதியதால் முதலில் வந்தவை தபால்தலை அளவு ஜேபெக்குகள். அதற்காக இன்னொரு நடை.

இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் இலை நரம்பில் உளி ஓடிய தடம்கூடத் தெரிகிறது. 72-இல் ஒன்பதின் விவரக் குறிப்பில் மட்டும் உரிமையாளர் என்று காப்பகத்தின் பெயரே நிற்கிறது. அதையும் மாற்றச் சொல்லி நேற்று கடிதம் போட்டிருக்கிறேன்.