சேவல் நட்ட எல்லைக்கல்

காலை 11 மணிக்கு இத்தாலியில் ஒயினுக்குப் பேர்போன ப்ரோலியோ கோட்டையில் இருக்க வேண்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்தேன். 10.30 மணிக்கு நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்றால், ஃபோன்தெருத்தோலி என்கிற குக்கிராமத்தின் சாலையோரத்தில். மாமா எல்லைக்கல் தேடி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். ரிட்டையர்டு சர்வேயரைக் காரில் ஏற்றிக்கொண்டு சேவல் கதையைச் சொல்லலாமா? ஃபிளாரன்ஸிலிருந்து கியாந்தி என்கிற ஒயின் வட்டாரத்து மலைப்பாதை வளைந்து வளைந்து போகிறது. அத்தைக்குத் தலைசுற்றல், வாயில் நார்த்தங்காய். சின்னவன் அடுத்து வாந்தி எடுக்கும் முகத்தோடு இருந்தான். பேச்சை மாற்றத்தான் ஆரம்பித்தேன். வழியெல்லாம் பலகைகளில் ஒரு கறுப்புச் சேவல். "என்னங்க மாப்ள, இம்புட்டுக் கறிக்கடையா?" என்று மாமாவும் கேட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் தீராத எல்லைத் தகராறு. விடியக்காலையில் சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைக்காரன் கிளம்பட்டும், சந்திக்கிற இடமே எல்லை என்று பேசி முடித்தார்களாம். சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறு முட்டத் தீனி போட்டார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டு இருட்டில் அடைத்தார்கள். பசி தாங்காத அந்தச் சேவல் சாமத்திலேயே கூவிவிட்டது. ஃபிளாரன்ஸ் குதிரை கிட்டத்தட்ட சியெனாவின் வாசலுக்கே வந்துவிட்ட பிறகுதான் எதிராளி கண்ணில் பட்டான். அந்த இடம் ஃபோன்தெருத்தோலி. 1924-இல் கியாந்தி ஒயின்காரர்கள் சங்கம் ஆரம்பித்தபோது அந்தப் பட்டினிச் சேவலையே முத்திரையாக்கிக்கொண்டார்கள்.

"செல்லாது" என்றார் மாமா.

"கதைதானே மாமா."

"எல்லைங்கிறது கதையா? சங்கிலி போடலை, பக்கத்து நிலத்துக்காரனுக்கு நோட்டீஸ் இல்லை. சியெனாக்காரன் அப்பீல் போயிருந்தா ஜெயிச்சிருப்பான். வண்டிய நிறுத்துங்க."

உத்தமபாளையம் தாலுகாவில் முப்பத்தோரு வருஷம் நிலம் அளந்த கால்கள் அவை. அந்தத் தெருவை இரண்டு முறை நடந்து அளந்தார். சின்னவன் பின்னாலேயே சேவல் மாதிரி கூவிக்கொண்டு ஓடினான். ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கடைசியில் என் கையிலிருந்த ஒரே அஸ்திரத்தை எடுத்தேன். "மாமா, 1716-இல் இந்தச் சீமையை ஆண்ட மூன்றாம் கோசிமோ எழுத்துப்பூர்வமாகவே கியாந்திக்கு எல்லை வகுத்துட்டார்."

"அரசாணை இருக்கா? அதை மொதல்லயே சொல்ல மாட்டீங்களா?" உடனே வந்து ஏறிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் தாமதம். சுற்றிக் காட்ட வந்த பெண் முகம் சுளிக்கவே இல்லை. அவள் இத்தாலிய மொழியில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அத்தை அதை மறுபடியும் சத்தமாக மாமாவுக்குச் சொல்ல (அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்), ஒவ்வொரு வாக்கியமும் மூன்று முறை ஓடியது. 1141-இலிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் பெயரோடு ஒட்டிய இடம் இது என்று அவள் ஆரம்பித்ததுமே மாமா கையைத் தூக்கினார்.

"பாகப்பிரிவினை ஆகலையான்னு கேளுங்க."

பாகப்பிரிவினைக்கு இத்தாலியச் சொல் எனக்கு என்ன தெரியும்? 'அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுக் கத்தரிக்கோலால் நிலத்தை வெட்டவில்லையா' என்கிற மாதிரி எதையோ கேட்டுவைத்தேன். அவள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. சுருளிப்பட்டியில் முக்கால் ஏக்கரை வைத்துக்கொண்டு மூன்று பங்காளிகள் பதினேழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்ததைப் பார்த்தவர் அவர்.

திராட்சைத் தோட்டத்தைப் பார்த்ததும் அடுத்த ஏமாற்றம். "பந்தல் எங்க?" கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை என்றால் கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, கொத்துக் கொத்தாகத் தொங்கும். இங்கே இடுப்பு உயரத்தில் வேலி மாதிரி வரிசை வரிசையாக நிற்கிறது. வருஷத்துக்கு ஒரே அறுவடைதான் என்றதும் மாமாவின் முகத்தில் இரக்கமே வந்துவிட்டது. அவர் ஊரில் கவாத்தை முன்னே பின்னே வெட்டி, வருஷம் முழுக்கப் பழம் எடுக்கிறவர்கள். "ஒரே வெள்ளாமைய வச்சுக்கிட்டா இத்தனை பெரிய கோட்டை கட்டுனாங்க?"

இந்தத் தோட்டத்தின் பெரிய புள்ளி பேரன் பெத்தினோ ரிக்காசோலி என்று சொன்னேன். "யாரோட பேரன்? மகன் வழியா, மக வழியா?" என்றார் அத்தை. பேரன் என்பது பட்டம் என்று விளக்கி முடிப்பதற்குள் நாங்கள் கோட்டை மதிலைச் சுற்றி முடித்திருந்தோம். அதனால் இனி வெறும் பெத்தினோ.

பெத்தினோ 1861-இல் இத்தாலியின் இரண்டாவது பிரதமர் ஆனவர். அத்தைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஏறியது இன்னொரு கதை. ஃபிளாரன்ஸில் ஒரு நடன விருந்தில், அவருடைய இளம் மனைவியோடு யாரோ ஒருவன் கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டானாம். மனிதர் அந்த இரவே, கொட்டுகிற குளிரில், மனைவியைக் குதிரை வண்டியில் ஏற்றி நேராக இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். அத்தை மாமாவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"வீரபாண்டித் திருவிழாவுல வளையல்காரன் கையப் புடிச்சு வளையல் போட்டான்னு பாதியிலயே இழுத்துட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

மாமா கோட்டையின் செங்கல் வேலைப்பாட்டை உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தார்.

கோட்டைக்கு வந்த பெத்தினோ பல வருஷம் உட்கார்ந்து எந்தத் திராட்சையோடு எதைச் சேர்க்கலாம் என்று பார்த்திருக்கிறார். 1872-இல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பக்குவம் இருக்கிறது: மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சொவேசே (மாமாவின் வாயில் கடைசி வரை இது 'சஞ்சீவி'தான்), அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்கக் கனயோலோ, சீக்கிரம் குடித்துத் தீர்க்கிற ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் மல்வசியா என்கிற வெள்ளைத் திராட்சை. பல வருஷம் வைத்துக் குடிக்கிற ஒயினுக்கு அந்த வெள்ளை தேவையில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் 1967-இல் கியாந்திக்குச் சட்டம் எழுதியவர்கள், எல்லா ஒயினிலும் 10 முதல் 30 விழுக்காடு வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். கேட்டால் பாரம்பரியமாம்.

"பால்ல தண்ணி கலக்காட்டி அபராதங்கிற மாதிரி இருக்கே" என்றாள் என் மனைவி சுதா.

அதேதான். பக்கத்திலேயே, 1385-இலிருந்து ஒயின் தொழிலில் இருக்கிற ஆன்டினோரி குடும்பம், 1971-இல் தின்யானெல்லோ என்று ஒன்றைப் போட்டது. சட்டத்துக்குள் அடங்காததால் லேபிளில் கியாந்தி என்று எழுத முடியவில்லை. வெறும் 'மேசை ஒயின்' என்று, அதாவது கீழ்த்தட்டுச் சரக்கின் பெயரில், விற்றார்கள். அந்த மேசை ஒயின் இன்றைக்கு ஒரு பாட்டில் 100 யூரோவைத் தாண்டும். நம் மேசையில் அதை வைத்தால் மேசையைவிட அது விலை அதிகம். கியாந்தி கிளாசிக்கோவில் (கியாந்தியின் ஆதி வட்டாரத்து ஒயின்) வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது என்று 2006-இல் சட்டம் குட்டிக்கரணம் அடித்தது. மாமா இதை ஆச்சரியமே இல்லாமல் கேட்டார். ஆக்கிரமிப்பைப் பின்னால் வரன்முறைப்படுத்துவதை எத்தனை முறை பார்த்திருப்பார்!

அப்புறம் சுவைக்கிற அறை. இந்த ஏற்பாடு முழுக்க எனக்காக, என் பிறந்தநாளுக்காக என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வாசனை மட்டும்தான் என்று சுதா சொல்லிவிட்டாள். மூன்று கிண்ணம் வந்தது. மூன்றும் சாஞ்சொவேசே மட்டும். கோல்லெதிலா, ரொன்சிகோனே, செனிப்ரீமோ என்று மூன்று பெயர். தோட்டத்தின் மண்ணை முழுக்க ஆராய்ந்து, சுண்ணாம்பு மண் தனி, பழைய கடல் படிவு தனி, ஆற்றுப் படுகை தனி என்று பிரித்து, ஒவ்வொன்றின் பழத்தையும் கலக்காமல் ஒயின் ஆக்குகிறார்கள்.

மாமா எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப, சர்வே நம்பர் வாரியா ஒயினா!"

இதை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பில்லை. மகள் முன்னால் ஒரு சொட்டும் தொடாதவர், "சரிபார்க்கணும்ல" என்று தன் கிண்ணங்களையும் என் கிண்ணங்களையும் முடித்தார். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தீர்ப்பு. "இது மேட்டு நிலம். இது ஓடைக்கரை." சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் குடிக்கவில்லையே.

போகிற போக்கில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். நடுவில் சில பத்தாண்டுகள் இந்த ஒயின் தொழிலும் பெயரும் குடும்பத்தின் கையில் இல்லை, வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. 1993-இல், அதுவரை புகைப்படக்காரராக இருந்த பிரான்செஸ்கோ ரிக்காசோலிதான் மீட்டார்.

"திருப்பிட்டாரா?" என்றார் மாமா.

"திருப்பிட்டார் மாமா."

அதற்குப் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுதா என்னைப் பார்த்தாள், நான் கிண்ணத்தைப் பார்த்தேன். மாமாவின் சுருளிப்பட்டிப் பந்தல் ஒத்திக்குப் போனது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த வருஷம். ஒத்தி அப்படியே கிரயமானது அவள் கடைசி வருஷம் படிக்கும்போது.

சாப்பாட்டுக் கடையில் அத்தைதான் கச்சேரியைக் காப்பாற்றினார். கடைசியில் வின் சாந்தோ வந்தது, கூடவே பாதாம் பிஸ்கட். திராட்சையைப் பாயில் பரப்பியோ உத்தரத்தில் தொங்கவிட்டோ, வற்றலாக வாடவைத்துப் பிழிந்து, சின்னப் பீப்பாயில் அடைத்து, வெயிலும் குளிரும் மாறி மாறி அடிக்கிற பரணில் வருஷக்கணக்கில் போட்டுவைப்பார்கள். 'புனித ஒயின்' என்று பொருள் சொன்னது என் இரண்டாவது தப்பு. "தீர்த்தமா?" என்று கேட்டு, டீயில் முக்குகிற மாதிரி பிஸ்கட்டை முக்கி முக்கி ஆறு தின்றார். "அரிஷ்டந்தான் இது, உடம்புக்கு நல்லது" என்று சுதாவின் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டார். காரில் ஏறி மூன்றாவது வளைவில் தூங்கிவிட்டார். தலைசுற்றல் இருந்த இடம் தெரியவில்லை.

ஆக, அன்றைக்கு எல்லோரும் குடித்தார்கள், பிறந்தநாள்காரனைத் தவிர.

கிரேவே தாண்டும்போது இருட்டிவிட்டது. சின்னவனும் தூங்கிவிட்டான். மாமாவும் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மாப்ள, அந்தப் போட்டோக்காரர், எவ்வளவு குடுத்துத் திருப்புனாராம்?"

"கேக்கலையே மாமா."

"கேட்டிருக்கலாம்" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.