பழுப்பை எண்ணுகிற வேலை

இன்று ஆய்வகத்தில் ஜூனியர் டாக்டர் ஒருவர், அச்சடித்த படத்தின் மேல் பேனாவால் ஒவ்வொரு செல்லாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

கணையத்தில் வந்த நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களிலிருந்து வருவது. கேஐ-67 சோதனையில், பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் கரு பழுப்பாகத் தெரியும், மற்றவை நீலம். பழுப்பு அடர்ந்த இடமாகப் பார்த்து, குறைந்தது 500 செல்களையாவது எண்ண வேண்டும். 3 சதவீதத்துக்குக் கீழே முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். தரம் ஏற ஏற, கட்டி பெருகும் வேகமும் கூடுதல்.

பார்வையிலேயே சொல்லிவிடலாமே என்பார்கள். 2-க்கும் 4-க்கும் நடுவே என் கண்ணை நான் நம்புவதில்லை.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆள், ஜெர்மன் நோய்க்குறியியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபெர்ன்டார்ஃபர். 1907-இல் சிறுகுடல் கட்டிகள் சிலவற்றை விவரித்து, இவை பெரிய தீங்கில்லாதவை என்றார். 1929-இல், இவை பரவவும் கூடும் என்று அவரே திருத்தினார்.

கணையத்துக்கு அப்படியொரு திருத்தம் 2017-இல் வந்தது. அதுவரை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், 20 சதவீதம் தாண்டியவை எல்லாம் ஒரே கூடை. அப்புறம்தான், அமைப்பு கெடாமல் வேகமாகப் பெருகும் கட்டி வேறு, உருக்குலைந்த கார்சினோமா வேறு என்று பிரித்தார்கள். பழைய ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களால் வந்த மாற்றம் இது.

வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பிளாட்டினம் வகைக் கீமோவுக்குக் கார்சினோமா ஓரளவு மசியும். மற்றது அவ்வளவாக மசியாது.

2017-க்கு முந்தைய அறிக்கையில் மூன்றாம் தரம் என்று இருந்தால், மெழுகில் பதித்து வைத்திருக்கும் அந்தத் திசுத் துண்டை மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.