ஜிப்ஸிக்குள் எஸ்டீம் இன்ஜின்: ஈசியு டியூனிங் இதுவரை

கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸி கிங் வண்டியில் இப்போது எஸ்டீமின் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) இன்ஜின் ஓடுகிறது. இரண்டுமே சுசூகியின் ஜி13 குடும்பம்தான், 1298 சிசி. எஸ்டீமில் குறுக்கே உட்கார்ந்திருந்ததை ஜிப்ஸியில் நெடுக்காக வைக்க வேண்டும் என்பதால் சம்ப், மவுண்ட், சைலன்சர் பைப் என்று வேலை இருந்தது. அதையெல்லாம் ராமநாதபுரத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் பார்த்துக்கொண்டார். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும், ஆர்சியில் புது எண் ஏற வேண்டும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அதை முடியுங்கள்.

நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. இன்ஜின் வந்தபோது ஈசியு, அதாவது பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், கிடையாது, வயரிங்கும் பாதியில் வெட்டப்பட்டிருந்தது. பழைய ஈசியு தேடி அலைவதை விட ஸ்பீடுயினோ போடலாம் என்று முடிவெடுத்தேன். ஆஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டூவர்ட் என்பவர் தொடங்கிய திறமூல ஈசியு திட்டம் அது. ஆர்டுயினோ மெகா 2560 போர்டு மேல் ஓடுகிறது. லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ என்ற மென்பொருளைத் திறந்தால் இன்ஜின் எந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்பது முழுதாகத் தெரியும். டியூனிங்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈசியுவுக்குத் தெரிய வேண்டும். அதற்கு 36-1 வீல்: 36 பல்லுக்கான வட்டத்தில் ஒரு பல் இருக்காது. பல்லுக்குப் பல் 10 டிகிரி, காலியாக இருக்கும் இடம் அடையாளம். மண்டபத்தில் விசைப்படகு ஷாஃப்ட் கடைகிற லேத்தில் கொடுத்துச் செய்தோம். படத்தைப் பார்த்ததும் லேத் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ஒரு பல்லை விட்டுட்டா வீலு ஒரு பக்கமா இழுக்காதா?" கேட்டதோடு நிற்கவில்லை. காலியிடத்துக்கு நேர் எதிரே சின்னதாக ஒரு துளை போட்டு எடையைச் சரிசெய்து தந்தார். ஆளுயர ஷாஃப்டை ஆடாமல் கடைகிற கை அது. புல்லியில் மாட்டிச் சுற்றிப் பார்த்தபோது ஹால் சென்சாருக்கும் பல்லுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி ஒரே சீராக இருந்தது.

டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் கணத்தை, ஈசியுவில் 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லி மேல் அடித்து, 10 டிகிரிக் குறி நேராக வரும்வரை ட்ரிகர் கோணத்தை மாற்றினேன். பிறகு 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றினோம். குறி அசையவில்லை. இந்தச் சோதனையை யாரும் தாண்டிப் போகக் கூடாது. திரையில் 10 என்று இருப்பதும் இன்ஜினில் உண்மையாகவே 10-ல் தீப்பொறி விழுவதும் வெவ்வேறு விஷயங்கள்.

அடுத்தது பெட்ரோல் கணக்கு. இன்ஜெக்டர் கழுவும் கடையில் நான்கையும் 3 பார் அழுத்தத்தில் அளவுக் குழாய்களில் ஓடவிட்டு அளந்தோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சிசி, நான்கும் ஒரே மட்டத்தில். இனி மனக்கணக்கே போதும். ஒரு சிலிண்டர் 324 சிசி. அது முழுதாக நிறைந்தால் கிட்டத்தட்ட 0.39 கிராம் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும், ஆகவே காற்றின் எடையை 14.7-ஆல் வகுத்தால் தேவையான பெட்ரோல், எடையைக் கன அளவாக மாற்றினால் 0.036 சிசி. நொடிக்கு 3.33 சிசி தருகிற இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 10.7 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். ட்யூனர்ஸ்டுடியோ கேட்கும் 'தேவையான எரிபொருள்' எண் இதுதான். மென்பொருளே கணக்குப் போட்டுத் தரும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு விஇ அட்டவணையின் 16×16 கட்டங்களைப் பார்த்தால் பயம் வராது. இந்தச் சுழற்சியில், இந்த அழுத்தத்தில், சிலிண்டர் எத்தனை சதவீதம் நிறைகிறது என்பதைத்தான் ஒவ்வொரு கட்டமும் சொல்கிறது.

இங்கே இன்னொரு சங்கதி. 14.7 என்பது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குச் சரியான விகிதம் சுமார் 13.5. ஆகவே சுத்தப் பெட்ரோலுக்குப் போட்ட அட்டவணையில் ஏழெட்டு சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். புகைக் குழாயில் இருக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் உள்ளபடி அளப்பது லாம்டாவைத்தான், அதாவது தேவையான காற்றைப் போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை. லாம்டா 1 என்றால் எரிந்த கலவை சரி, எந்த எரிபொருளானாலும் சரி; 1-க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு, கீழே வந்தால் அதிகம். மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் நான் எல்லாவற்றையும் லாம்டாவுக்கு மாற்றிவிட்டேன். சீரான ஓட்டத்தில் 1.0, முழு த்ராட்டிலில் 0.87. இ20-க்காகச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸ் அத்தனையையும் கழற்றிப் போடுவது. எத்தனால் அந்த ரப்பரைத் தின்னும், போதாததற்கு இப்போது உள்ளே 3 பார் அழுத்தமும் இருக்கிறது.

இன்ஜின் பிடித்தது, ஓடியது. இனி ஆட்டோட்யூனைத் தட்டிவிட்டு ரோட்டில் விட்டால் அட்டவணை தானாக நிரம்பும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கடற்கரையில் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. சென்சார் சொல்வது நிஜமா என்று பார்க்க வேண்டும். இங்கே உப்பும் வெயிலும் சேர்ந்து அதைப் பொய் சொல்ல வைத்துவிடும்.

முதலில் உப்பு. இன்ஜின் சூடாகி கூலண்ட் 85 டிகிரியில் நிற்கிறது. மச்சான் ஹெட்லைட்டைப் போட்டார். திரையில் 85 உடனே 95-ஐ நெருங்கியது. லைட்டை அணைத்தால் மறுபடி 85. தண்ணீர் ஒரு நொடியில் 10 டிகிரி சூடாகாது. அப்படியானால் இது கிரவுண்ட் (எர்த் இணைப்பு) கோளாறு. மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றை ஈசியுவின் கிரவுண்டிலும் வைத்துப் பார்த்தால், லைட் எரியும்போது 0.1 வோல்ட் வித்தியாசம். ஃபேனும் சேர்ந்து ஓடினால் 0.2.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்குக்கு வரும் கேபிளைக் கழற்றினோம். வெளியே கேபிள் முனையிலுள்ள லக் பளபளப்பாகத்தான் இருந்தது. வயரிங் பார்க்கிற கீழக்கரை பாய் ரப்பர் உறையை ஒரு விரல் நீளம் சீவிக் காட்டினார். உள்ளே செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு, அதற்கும் உள்ளே கரி நிறம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. "உப்புக்காத்து லக்கு வழியா ஏறி உள்ளயே தின்னுருக்கு தம்பி, மேல தொடைச்சா எப்படிப் போகும்?" என்றார். நம் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இந்த உறையைச் சீவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கேபிள்தான் அதிகம் ஏமாற்றும்.

0.2 வோல்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். என் வைட்பேண்ட் கன்ட்ரோலரில் 0 வோல்ட் என்றால் லாம்டா 0.68, 5 வோல்ட் என்றால் 1.36. கிரவுண்டில் 0.2 பிசகினால் லாம்டா கிட்டத்தட்ட 0.03 தள்ளிப்போகும். அந்தப் பிசகை ஆட்டோட்யூன் உண்மையென்று நம்பி விஇ கட்டங்களில் எழுதி வைக்கும். பகலில் டியூன் செய்த அட்டவணை இரவில் லைட் போட்டு ஓட்டும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஈயம் பூசிய செம்பு கேபிள் புதிதாகப் போட்டோம். பிளாக்கில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசி, லக்கின் வாயைப் பசை தடவிய சுருங்குக் குழாயால் மூடினோம். வெட்டிய வயரிங்கில் சென்சார்களின் கிரவுண்ட் மேனிஃபோல்டு போல்ட்டில் மாட்டியிருந்தது. அதைப் பிரித்து நேராக ஈசியுவுக்கே கொண்டுவந்தோம். வைட்பேண்டின் கிரவுண்டும் அதே இடத்தில். இப்போது லைட், ஃபேன், ஹார்ன் எதைப் போட்டாலும் 85 அசைவதில்லை.

அடுத்தது வெயில். அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்துவிட்டு வந்து எடுத்தால் முதல் ஒரு கிலோமீட்டருக்கு இழுவையே இருக்காது, த்ராட்டிலைத் தொட்டால் திக்கும். ஓட்டத்தின்போது பதிவான அளவுகளின் லாகைத் திறந்தால் காரணம் தெரிந்தது. காற்று வெப்ப சென்சார் 65 டிகிரி காட்டுகிறது, லாம்டா 1.1. வெளியே காற்று 32 டிகிரிதான். அலுமினிய மேனிஃபோல்டில் திருகியிருந்த சென்சார் காற்றை விட்டுவிட்டு உலோகத்தின் சூட்டை அளந்துகொண்டிருந்தது. 65 டிகிரி காற்று 30 டிகிரி காற்றை விட 10 சதவீதம் அடர்த்தி குறைவு. ஈசியு அதை நம்பி பெட்ரோலை 10 சதவீதம் குறைக்கிறது. உள்ளே போவதோ குளிர்ந்த கடல்காற்று.

சென்சாரை ஏர் ஃபில்டருக்குப் பிறகு வருகிற பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினேன். காற்று வெப்பத்துக்கு ஏற்பப் பெட்ரோலை மாற்றும் திருத்த வளைவிலும் 50 டிகிரிக்கு மேல் சரிவைக் கொஞ்சம் தணித்தேன். முழுதாக நீக்கவில்லை, சித்திரை மதியத்தில் நிஜமாகவே சூடான காற்று வரும். இப்போது அதே இடத்தில் நிறுத்தி எடுத்தால் லாம்டா 1.03-க்கு மேல் போவதில்லை. குளிருக்கான திருத்தத்தில் எனக்கு வேலையே இல்லை. மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அரிது. அட்டவணையின் அந்தப் பாதி தொடப்படாமல் கிடக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரோட்டுக்குப் போனோம். நம் ஊர்ப் பக்கம் ரோடு தட்டை. மேடு என்று சொன்னால் பாம்பன் பாலத்தின் நடு வளைவுதான், அங்கே டியூனிங் செய்கிற அளவுக்கு வழி ஏது. மேடு இல்லாவிட்டால் இன்ஜினுக்குச் சுமை கிடைக்காது, குறைந்த சுழற்சியில் அதிக அழுத்தக் கட்டங்கள் நிரம்பாது. அதற்கு எங்களுக்குக் கை கொடுத்தது கச்சான் காற்று. ஆடியில் கீழக்கரை தாண்டி ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேற்கே போனால் காற்று முகத்தில் வந்து மோதும். ஜிப்ஸியோ நிமிர்ந்த கண்ணாடி வைத்த பெட்டி. நாலாவது கியரில் 2,500 ஆர்பிஎம்மில் காற்றை எதிர்த்துப் போகும்போது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 60 கிலோ பாஸ்கலுக்கு மேல், திரும்பி வரும்போது அதே வேகத்தில் 45 பக்கம். ஒரே ரோட்டில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை என்று கட்டங்கள் நிரம்பின. காற்று ஒரே சீராக அடிக்கிற நாளில் கிடைத்த லாகுகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

ஓட்டுவது எப்போதும் மச்சான், லேப்டாப் என் மடியில். "மச்சான், 3,000-லயே பிடிங்க" என்று சொன்னால் பனைமரக் கூட்டம் முடியும்வரை முள் அசையாமல் பிடிப்பார். ஒருவரே ஓட்டிக்கொண்டு திரையையும் பார்ப்பது கூடவே கூடாது.

தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சொல்லும் இக்னிஷன் அட்டவணையில் அவசரப்படவில்லை. எரிபொருளில் ஒரு பாயிண்ட் தவறினால் லாகில் தெரியும். அட்வான்ஸ் கூடிப் போய், அதாவது தீப்பொறி அளவுக்கு மீறி முன்னதாக விழுந்து, இன்ஜின் தட்டினால் (நாக்கிங்) பிஸ்டன் தாங்க வேண்டும். நல்ல காது வைத்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, இழுவை கூடாத இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டிகிரி குறைத்து வைத்திருக்கிறேன். இ20-யின் ஆக்டேன் கொஞ்சம் கூடுதல் என்றாலும் அதை நம்பி ஏற்றவில்லை. எல்லா ஊர் பங்க்கிலும் ஒரே பெட்ரோல் வரும் என்று எப்படிச் சொல்வது.

இப்போதைய நிலை: ஐடில் 900, மேப் 38, லாம்டா 0.99-க்கும் 1.01-க்கும் நடுவே. நெடுஞ்சாலை ஓட்டத்தில் கட்டங்கள் இரண்டு சதவீதத்துக்குள் நிற்கின்றன. 4,500-க்கு மேல் முழு த்ராட்டில் கட்டங்கள் இன்னும் கணிப்புதான், வேண்டுமென்றே கொஞ்சம் பெட்ரோல் கூட்டி வைத்திருக்கிறேன். த்ராட்டிலைச் சட்டென்று மிதித்தால் வருகிற சின்னத் தயக்கமும் பாக்கி.

அடுத்து கொடைக்கானல். இங்கே சாவியைப் போட்டதும் மேப் சென்சார் எப்போதும் 101-ஐ ஒட்டித்தான் காட்டுகிறது, கடல் மட்டம் அல்லவா. 2,100 மீட்டர் உயரத்தில் அது 79 பக்கம் இறங்கும். ஓடிக்கொண்டே மலை ஏறும்போது காற்றழுத்தம் மாறுவதை ஈசியு அறிய இரண்டாவதாக ஒரு பிரஷர் சென்சார் வேண்டும். போர்டில் அதற்கு இடம் இருக்கிறது, சென்சாரும் வாங்கியாயிற்று. பற்றவைத்து, இங்கே 101 சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகு வண்டியை மலைக்குத் திருப்பலாம் என்று இருக்கிறோம்.