பேரைச் சொன்னால் ஆள் கிடைக்காது, விலாசம் வேண்டும்

கோட்டையூரில் எங்கள் தெருக்களில் வாழ்ந்த பெரியவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். படத்தோடு சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களாம். சரி, ஒரு விடுமுறையில் முடிந்துவிடும் என்றுதான் ஒத்துக்கொண்டேன். விடுமுறை போய் அடுத்த விடுமுறையும் வந்துவிட்டது. தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ யாராவது இதே வேலையில் இறங்குவதாக இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பேர்பெற்ற மூன்று பேருக்கு அலைய வேண்டியதே இல்லை. வள்ளல் அழகப்பர் (1909–1957) பற்றி ஊரே ஒப்பிக்கும். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஏ.கே. செட்டியார் 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், அதுவும் காந்தி பிறந்த நாளன்று, காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று நினைத்து, நாடு நாடாகச் சுற்றிப் பழைய படச்சுருள்களைத் திரட்டி 1940-ல் வெளியிட்டும்விட்டார். ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதிக்கொண்டே பழைய புத்தகங்களைச் சேர்த்தவர். சிக்கலே இவர்களுக்கு அடுத்த வரிசையில்தான். பர்மாவில் கடை வைத்து ஊரில் குளம் வெட்டியவர், பள்ளிக்கு இடம் எழுதிவைத்தவர், இப்படிக் கல்வெட்டில் ஒரு வரியாக மட்டும் இருப்பவர்கள்.

முதலில் பேரை வைத்துத்தான் ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஆச்சி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அழகப்பன்னு சொன்னா யாரைன்னு சொல்றது தம்பி? தெருவுக்கு நாலு அழகப்பன் இருந்தாக. விலாசத்தைச் சொல்லுங்க" என்றார்கள். விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் போடும் முன்னோர் எழுத்துகள். அங்கேதான் வேலையே தொடங்கியது.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயா பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் ஒரே இரண்டு பெயர் ஒன்று விட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய கானாடுகாத்தான்காரர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அவருடைய அப்பா மு.சித. முத்தையா செட்டியார். இதில் 'சித.' என்பது ஐயா சிதம்பரம், அதற்கு அடுத்த 'மு.' அப்பா முத்தையா, கடைசியில் திரும்ப ஒரு சிதம்பரம். அந்த எழுத்துகளை எடுத்துவிட்டால் ஐயா எது பேரன் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. 'ஆர்எம்' என்பது 'ராம.', அதாவது ஒரே ஆள். 'சிடி' என்பது 'சித.', 'ஏஎல்' என்பது 'அழ.'. விவரம் தெரியாதவர்கள் நடுவில் புள்ளி வைத்து ஒரு தலைமுறையை இரண்டாக்கிவிடுவார்கள். ஆகவே எந்தப் பட்டியலில் தேடினாலும் புள்ளி வைத்தும் வைக்காமலும், தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிவிடுங்கள்.

இதற்கு மேல் சுவீகாரம். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வது இங்கே சர்வ சாதாரணம். கூட்டியதும் விலாசம் மாறும், சில நேரம் கூப்பிடுகிற பெயரும் மாறும். கண்ணதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள், சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து காரைக்குடியில் சுவீகாரம் போன வீட்டில் நாராயணனாக வளர்ந்தவர். கவிஞர் என்பதால் நமக்கு இது தெரிகிறது. குளம் வெட்டியவருக்கு யார் எழுதி வைத்தார்கள்?

விலாசம் எங்கெங்கோ கிடைத்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் விலாசத்தைப் பொறித்துக் கொடுப்பது பழைய வழக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் அந்தப் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பித்தளைத் தவலையின் கழுத்தோரம் கறுத்துப் போயிருந்த இடத்தைக் கடைக்காரர் விரலால் துடைத்துக் காட்டினார். மூன்று எழுத்து, அப்புறம் ஒரு பெண் பெயர். நான் தேடிக்கொண்டிருந்தவருடைய மனைவி. கல்வெட்டிலும் விழா மலர்களிலும் 'தர்மபத்தினி' என்று மட்டும் இருந்தவர்களுக்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. பெண்கள் பெயர் வேண்டுமென்றால் சீர்ப் பட்டியலையும் பாத்திரத்தையும் பாருங்கள், வாழ்க்கை வரலாற்றைப் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது கோயில். நகரத்தார் ஒவ்வொருவரும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள், அது எந்தக் கோயில் என்று தெரிந்தாலே பாதி ஆட்கள் கழிந்துவிடுவார்கள். இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆன தம்பதியை ஒரு 'புள்ளி' என்று எண்ணுவார்கள், அந்தக் கணக்கு கோயிலில் இருக்கும். வெளியாள் போய்க் கேட்டால் காட்ட மாட்டார்கள், பங்காளி ஒருவர் கூட வர வேண்டும். அது நியாயம்தான்.

ஒரு வீட்டில் வளவு என்கிற நடுமுற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டில் பேரேடுகள் இருந்தன. பிள்ளையார் சுழி, தமிழ் எண், தமிழ் வருஷம். ஆங்கில வருஷம் எங்கேயும் கிடையாது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புமாதலால் 'விஷு மார்கழி' என்று தேதியிட்ட ஒரு கடிதம் 1881-ஆ 1941-ஆ என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. உள்ளே ரங்கூனில் குண்டு விழுந்தது என்று இருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் முதலில் குண்டு போட்டான், அது விஷு மார்கழிதான். தேதி தீர்ந்தது. அதே கடிதத்தில், ரங்கூன் கடையை நடத்திய மேலாள் கணக்கை முடிக்காமலே கிளம்ப வேண்டியிருக்கிறது என்று மன்னிப்பு கேட்டிருந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஊரே உயிர் தப்பி ஓடுகிறது, இவருக்கு ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு முடிக்கிற கவலை.

அரசு ஆவணங்களை நம்பி அதிகம் இறங்க வேண்டாம். ரொம்பப் பழைய வருஷங்களுக்கு இணையத்தில் வில்லங்கம் வராது, அதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கோட்டையூர் இப்போது சிவகங்கை மாவட்டம், 1985-க்கு முன்னால் ராமநாதபுரம், 1910-க்கு முன்னால் மதுரை. எந்த வருஷத்துக்கு எங்கே கேட்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ராயவரம் பக்கம் என்றால் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், அது தனிக் கதை.

மணிவிழா மலர், சதாபிஷேக மலர் எல்லாம் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். கட்டுரைகளைத் தாண்டிப் போய்விடுங்கள், எல்லோரும் கர்ணன்தான் அதில். குடும்பப் படத்துக்குக் கீழே 'நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள்' என்று போட்டிருப்பதும், பின்பக்க விளம்பரங்களும்தான் சரக்கு. யாருக்கு யார் மாப்பிள்ளை, யாருக்கு எங்கே கடை என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

ரோஜா முத்தையா 1992-ல் காலமானார். அவருடைய சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் நூலகமாக்கினார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. புத்தகம் மட்டும் என்று நினைக்காதீர்கள், அழைப்பிதழ், நோட்டீஸ், கடிதம் என்று அந்த மனுஷர் எதையும் விடவில்லை. எங்கள் தெரு ஆளைத் தேடி நான் சென்னைக்கு ரயிலேறிப் போய், எங்கள் ஊர்க்காரர் பொறுக்கி வைத்த காகிதத்தில் கண்டுபிடித்தேன். இரண்டு வீட்டு விலாசமும் முழுசாகப் போட்ட கல்யாண அழைப்பிதழ்.

அந்த அழைப்பிதழால் ஒரு வம்பும் வந்தது. பள்ளிக்கு இடம் எழுதிவைத்தவர் சுவீகாரம் போனவர் என்பது அதில் தெளிவாகிவிட்டது. பிறந்த வீட்டார் எங்கள் ஐயா என்கிறார்கள், கூட்டிக்கொண்ட வீட்டார் அதெப்படி என்கிறார்கள். நான் இரண்டு விலாசத்தையும் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்த வீட்டார் சரி என்றார்கள். மற்றவர்கள் அப்படியானால் படம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், அந்தச் சட்டத்தில் இப்போதைக்கு எழுத்து மட்டும்தான் இருக்கிறது.