அப்பத்தாவின் கடைவாய்ப் பல்

அப்பத்தா கடைசியாக என் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பற்களில் மேடே இல்லை, பலகை போல மழமழவென்று தட்டை. நடுவில் பழுப்பாக டென்டின் என்னும் உள்பகுதி, சுற்றிலும் வரப்பு மாதிரி மெல்லிய வெள்ளை எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை. ஒரு சொத்தைகூட இல்லை.

"வலிக்குதா அப்பத்தா?"

"எதுக்குடி வலிக்கணும்? முறுக்கு கடிக்கிறேன்ல."

செங்கல் பொடியும் உமிக்கரியும் வைத்துத் தேய்த்த பல் அது. ஆனால் அவை தேய்ப்பது பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கத்தை. மெல்லும் தளம் தட்டையானதில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அம்மி கொத்தின வாரம் நினைவிருக்கிறதா? தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டிய பிறகும் துவையல் நறநறக்கும். கல்லில் உள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7, எனாமல் ஏறக்குறைய 5. மென்றால் தேய்வது பல்தான்.

பழைய எகிப்தில் அந்த நறநறப்பு தினப்படிச் சாப்பாட்டில் இருந்தது. மண்டியிட்டு, சரிவான கல்லின் மேல் இன்னொரு கல்லை முன்னும் பின்னும் தள்ளிக் கோதுமையை அரைத்தார்கள். கல் தூள் மாவில் கலந்தது, பாலைவன மணலும் சேர்ந்தது. கல்லறைகளில் கிடைத்து இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் ரொட்டிகளை ஆராய்ந்தபோது அந்தத் துகள்கள் உள்ளேயே இருந்தன. அரசனும் தப்பவில்லை. இரண்டாம் ராமேசஸின் மம்மியை 1976இல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். பற்கள் மோசமாகத் தேய்ந்திருந்தன, தாடையில் சீழ்க்கட்டியின் தடயமும் இருந்தது.

அப்பத்தாவுக்கு முறுக்கு, ராமேசஸுக்குச் சீழ். ஏன்? பல் மெதுவாகத் தேய்ந்தால் உள்ளே இருக்கும் கூழ், அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான திசு, புதுசாக டென்டினைப் போட்டுக்கொண்டே பின்வாங்கும். தேய்மானம் அதை முந்திவிட்டால் கூழ் திறந்துகொள்ளும், கிருமி வேர் நுனிவரை இறங்கும்.

டென்டினுக்கு இருக்கும் இந்த வசதி எனாமலுக்குக் கிடையாது. எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். அதைக் கட்டும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடும். அப்பத்தா எண்பது வயதில் முறுக்கு கடித்தது மூன்று வயதுக்குள் கட்டி முடித்த சுவரை வைத்து. கல்லூரியில் அந்தச் சுவரை மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்த நாள் இன்னும் மறக்கவில்லை. முடியைவிடப் பலமடங்கு மெல்லிய கம்பிகள், கோரைப்பாய் மாதிரி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பின்னிக்கொண்டு போகும். ஒரு விரிசல் கிளம்பினால் அந்தப் பின்னலில் திசைமாறித் திசைமாறி வலுவிழந்துவிடும். கம்பிக்குள்ளே ஒவ்வொரு நாள் வளர்ச்சிக்கும் ஒரு குறுக்குக்கோடு. பிறந்த நாளுக்கும் தனியாக ஒரு கோடு உண்டு, பால்பற்களில் அது தெளிவாகவே தெரியும்.

இவ்வளவும் போன வாரம் வந்த கல்லூரிப் பையனைப் பார்த்தபிறகுதான் எழுதத் தோன்றியது. பத்தொன்பது வயது. பல் கூசுகிறது என்று வந்தான். கல்லும் மணலும் இல்லாத சாப்பாடுதான் சாப்பிடுகிறான், ஆனால் தினமும் இரண்டு பாட்டில் கோலா, மணிக்கணக்காக உறிஞ்சி உறிஞ்சி. புளிப்பை அளக்கும் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும், கோலா 2.5 பக்கம். குடித்த கையோடு பிரஷ் வேறு பண்ணுகிறான், இளகிப்போன எனாமலைத் தானே வழித்தெடுக்கிறான். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறு தம்பி, முதலில் அந்த உறிஞ்சுவதை நிறுத்து என்றேன்.

அவன் கடைவாய்ப் பல் அப்பத்தாவுடையது மாதிரி தட்டையாக இல்லை. மேடுகளின் உச்சியில் குழி குழியாக, ஓரங்கள் உருண்டு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஒரு பல்லில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ அடைத்த சில்வர் ஃபில்லிங். வைத்தபோது பல்லோடு சமமாக இருந்திருக்கும். இப்போது அது மட்டும் தீவு மாதிரி மேலே நிற்கிறது. சுற்றியிருந்த பல்தான் இறங்கிவிட்டது.