‘ஹோல்ட்’ என்றால் எதுவரைக்கும்?

ட்ரக் சார்ட்டில் மாத்திரைக்கு நேரே ‘ஹோல்ட்’ என்று இருந்தால் கொடுக்கக் கூடாது என்பது எந்த ஸ்டாஃப் நர்ஸுக்கும் தெரியும். எதுவரைக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் தெரியாது. அன்று நான் கேட்டது அதை மட்டும்தான்.

பெரியவருக்கு, இருதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோப்ரோலால் மாத்திரை பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பல்ஸ் 48-க்கு இறங்கிவிட, டியூட்டி டாக்டர் வந்து பார்த்து ‘ஹோல்ட்’ எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரியான முடிவு. காலையில் நான் பார்க்கும்போது பல்ஸ் 76, பி.பி.யும் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரை நேரம் எட்டு மணி. ரவுண்ட்ஸ் வரப் பதினொன்றாகும். போன் போட்டேன்.

“ஹோல்ட்னா ஹோல்ட்தான் சிஸ்டர்” என்றார்.

“எதுவரைக்கும் டாக்டர்? இந்த ஒரு டோஸா, பல்ஸ் ஏறுற வரைக்குமா, இல்ல நிறுத்தியே ஆச்சா?”

“ரவுண்ட்ஸ்ல பார்த்துக்கலாம்.”

“நிறுத்தறதுன்னா ‘ஸ்டாப்’னு எழுதிடுங்க. ஹோல்டுன்னா ஒரு நம்பர் போட்டுக் குடுங்க டாக்டர்.”

பதில் இல்லை. சற்று நேரத்தில் வார்டுக்கே வந்துவிட்டார். சார்ட்டை வாங்கி, பல்ஸ் 55-க்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். திருப்பிக் கொடுக்கும்போது, “எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டார். ட்ரெய்னிங் பிள்ளைகள் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். பெரியவரின் மகளும் இருந்தார்.

நான் இங்கிலீஷ் பற்றிப் பேசவே இல்லை, மருந்தைப் பற்றித்தான் பேசினேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாகிவிட்டது. ஆனால் யோசித்தால் இங்கிலீஷ் பற்றியும்தான் பேசியிருக்கிறேன். அந்தச் சொல் அப்படிப்பட்டது. அகராதியில் பார்த்தால் பிடி, தாங்கு, வைத்திரு. போனில் வந்தால் லைனிலேயே இருங்கள். வார்டில் மட்டும் கொடுக்காதே. அதற்குப் பக்கத்தில் அகராதி அடுக்குகிற சொற்களும் வார்டுக்கு வந்தால் ஒன்றல்ல. ‘ஆமிட்’ என்றால் இந்த வேளை மட்டும் விடு. அடுத்த வேளைக்குத் தானாகவே திரும்பிவிடும். ‘டிஸ்கன்டின்யூ’ என்றால் முடிந்தது. மறுபடி கொடுக்கப் புது ஆர்டர் வேண்டும். ‘ஹோல்ட்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு ஷிஃப்ட் அதை ஆமிட் என்று படிக்கும், அடுத்த ஷிஃப்ட் டிஸ்கன்டின்யூ என்று படிக்கும். இரண்டு பேர் மேலும் தப்புச் சொல்ல முடியாது.

எல்லா மருந்திலும் இது ஒரே மாதிரி கடிக்காது. கிட்னி பலவீனமாக இருப்பவருக்கு சாய மருந்து ஏற்றி கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுக்க, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை ஹோல்ட் செய்தால், 48 மணி நேரம் கழித்து கிட்னி டெஸ்ட் பார்த்துத் திரும்ப ஆரம்பிப்பது என்று வழக்கமே இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினை ஆபரேஷனுக்கு ஏறக்குறைய 5 நாள் முன்னாலேயே நிறுத்தி வைப்போம். நிறுத்துகிற தேதி எல்லாருக்கும் நினைவிருக்கும், திரும்ப ஆரம்பிக்கிற தேதி யார் பொறுப்பு என்பதில்தான் கோளாறு. மெட்டோப்ரோலால் இன்னொரு வகை. இருதய நோயாளிக்கு அதைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். அதனால்தான் போன் போட்டேன். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

மருந்துப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை கேபிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் விதியே வந்தது. அன்று அவர் எழுதியதும் அச்சடித்த மாதிரிதான் இருந்தது. எழுத்து புரிந்தும் ஆர்டர் புரியாமல் போகலாம் என்பதற்கு எந்த விதியைக் காட்டுவது? அமெரிக்காவில் மருந்துத் தவறுகளைக் கவனிக்கிற ஐ.எஸ்.எம்.பி. என்ற அமைப்பு, ‘டி.சி.’ என்று சுருக்கி எழுதாதீர்கள் என்கிறது. டிஸ்சார்ஜுக்கும் அதுதான், டிஸ்கன்டின்யூவுக்கும் அதுதான். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப எழுதிய மருந்துகளை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்ட சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன. இங்கிலீஷே தாய்மொழியாக இருக்கிற ஊரில் இந்தக் கதி என்றால், நாம் கேட்பதில் வெட்கம் என்ன என்று தோன்றும்.

வெட்கம் இருக்கிறது, அதுதான் விஷயம். இங்கே இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் எதிராளிக்கு வேறு மாதிரி கேட்கிறது. அவர் எங்கே படித்தார், எந்த மீடியம் என்று எனக்குத் தெரியாது. என்னை மாதிரி பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, முதல் வருஷ அனாட்டமி புத்தகத்தின் முன்னால் திகைத்து உட்கார்ந்தவராகக்கூட இருக்கலாம். ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதரிடம், நாலு பேர் எதிரில், “இதுன்னா அது எழுதுங்க, அதுன்னா இது எழுதுங்க” என்பது டீச்சர் பேச்சாகத்தான் காதில் விழும். ஆனால் போனில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. வார்டுக்கு வந்து நாலு பேர் முன்னால் ஆக்கியது அவர். இப்படி மாறி மாறி வழக்காடிக்கொண்டே இருக்கிறேன்.

மாத்திரை ஒன்பதுக்குள் போய்விட்டது. பெரியவரும் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். பதினொரு மணிக்குக் கொடுத்திருந்தாலும் போயிருப்பார்தான். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று அவர் மகள் இன்னொரு மாத்திரையைக் காட்டி, “இத நிறுத்தியாச்சா சிஸ்டர், நிறுத்தி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அந்தக் காலையில் பக்கத்தில் நின்று கேட்டிருக்காவிட்டால் இப்படிப் பிரித்துக் கேட்கத் தோன்றியிருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க மனசுக்கு இதமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள், சீனியர் கன்சல்டன்ட் ஒருவர், ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரலுக்கு ‘ஹோல்ட்’ எழுதினார். தேதி இல்லை, காரணம் இல்லை. நான் போன் போடவில்லை. ரவுண்ட்ஸ் வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டு எழுதி வாங்கினேன். அந்த மருந்தின் வேலை நிறுத்திய பிறகும் சில நாள் உடம்பில் இருக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. காரணம் அதுதான் என்று சத்தியம் செய்வேன். ஆனால் அது மெட்டோப்ரோலாலாக இருந்திருந்தால் அவருக்கு அதே குரலில் போன் போட்டிருப்பேனா? சின்ன டாக்டர் என்பதால்தான் அன்று அவ்வளவு பேசினேனா? இதற்கு மட்டும் பதில் வரமாட்டேன் என்கிறது.

இப்போது புதுப் பிள்ளைகளுக்கு, ஷிஃப்ட் மாறும்போது செய்கிற ஹேண்ட்ஓவர் சொல்லித் தரும்போது, “ஹோல்ட்னா என்னன்னு கேக்காதீங்க, எந்த பல்ஸ்லருந்து குடுக்கலாம் டாக்டர்னு கேளுங்க” என்கிறேன். யாருக்கும் கோபம் வருவதில்லை, வேலையும் நடக்கிறது. போன வாரம் ஒரு பிள்ளை வார்ஃபரின் சார்ட்டோடு வந்து, “இதுக்கு எந்த பல்ஸ் சிஸ்டர் கேக்கறது?” என்றாள். எதுவரைக்கும் டாக்டர் என்றே கேள் என்று அனுப்பினேன். கூடவே போய் நிற்கலாமா என்று எழுந்தேன், போகவில்லை.