78 மாடல் புல்லட்டை இன்னைக்கு ரோட்டுக்குத் தயார் பண்ணின அனுபவம்

அப்பா ஓட்டுன 1978 மாடல் புல்லட் 350. கேஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால்ல கியர், 6 வோல்ட் கரண்டு. ஷெட்ல போர்த்தி வைக்க மனசில்ல, கும்பகோணம் தஞ்சாவூர் தெனமும் இதுலயே போய் வரணும்னு எறங்கிட்டேன். இன்ஜின் வேலைல ஒரு தொந்தரவும் இல்ல, மெக்கானிக் அண்ணன் ஹெட்டக் கழட்டிப் பாத்துட்டு ரிங்கு மட்டும் மாத்துனாரு. முன்னாடி செயின் பல்சக்கரத்துல ஒரு பல் கூட்டிப் போட்டாரு, இப்ப 70ல அலறாம போகுது. மத்த வேலைங்கதான் உயிர எடுத்துடுச்சு.

யாரக் கேட்டாலும் பவர் ஏத்து, கம்ப்ரஷன் ஏத்துன்னுதான் சொல்றாங்க. தயவுசெஞ்சு அதுல காசப் போடாதீங்க. நாலுவழிச் சாலைல முன்னாடி போற கார்காரர் ஏபிஎஸ்ஸோட சட்டுனு நிப்பாட்டுனா நம்ம 6 இஞ்ச் டிரம் பிரேக்க என்ன புடிச்சாலும் நிக்காது, பழைய ரோட்டுல அறுப்பு நேரத்துல நெல்லக் காயப்போட்டு பாதி ரோடுதான் மிச்சம், எதுத்தாப்ல பஸ் வரும். அதனால மொத செலவு பிரேக்குக்கும் லைட்டுக்கும்தான்.

பிரேக்குக்கு பின்னாடி வந்த புல்லட்ல இருக்குற 7 இஞ்ச் ரெண்டு கேம் டிரம்ம (உள்ள உரசி நிப்பாட்டுற ரெண்டு ஷூவயும் தள்ள ஆளுக்கொரு கேம் இருக்கும்) சென்னை புதுப்பேட்டைலேருந்து எடுத்துட்டு வந்தேன். டிஸ்க் போடலாம்னு சொன்னாங்க, கம்பெனி குடுத்ததுலேருந்து வண்டிய மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, எஃப்சிக்கு ஆர்டிஓல வண்டியக் காட்டுற நேரத்துல வம்பு வேண்டாம்னு விட்டுட்டேன். ஹப் பெரிசானா ஸ்போக்ஸ் நீளம் கொறையும், இத நான் கடைல தெளிவா சொல்லியும் 6 இஞ்ச் ஹப்புக்கான கம்பியவே கட்டி அனுப்பிட்டாங்க, வீல் கட்டுறவரு பாதி கோத்துட்டு நிப்பிளத் தாண்டி கம்பி நீட்டிக்கிட்டு நிக்குதேன்னு கூப்புட்டாரு. அன்னைக்குப் பூரா வேலை வீணு. ஹப்ப வாங்குறப்ப ஃபோர்க்கு கால்ல பிரேக் பிளேட்டு சுத்தாம லாக் ஆகுற எடம் ஒழுங்கா உக்காருதான்னும் பாத்துக்கங்க.

மாட்டுனதுக்கு அப்பறமும் பிரேக் புடிக்கல. வேற ரெண்டு மெக்கானிக் ஷூ மேல இருக்குற லைனிங்க மாத்துங்கன்னாங்க. கடைசில எங்க மெக்கானிக் அண்ணன்தான் ரெண்டு கேம் லிவரையும் சேக்குற அந்தச் சின்ன ராடக் கழட்டிட்டு ஒவ்வொரு ஷூவயும் தனித்தனியா டிரம்ல தொட வச்சு, தொட்ட எடத்துலயே லிவரப் புடிச்சுக்கிட்டு ராடோட நீளத்த அதுக்குத் தக்கன திருகித் திருகி வச்சு மாட்டுனாரு. அது சரியில்லன்னா ஒரு ஷூ மட்டும்தான் வேல செய்யுமாம். மாட்டிட்டு ஒரு ரவுண்டு போயிப் புடிச்சேன், முன்பக்கம் அமுங்கி நச்சுனு நின்னுச்சு, அந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல.

அடுத்து கரண்டு. ஒரு கடைல 12 வோல்ட் மாத்தித் தரேன்னு காச வாங்கிக்கிட்டு பேட்டரி, பல்பு, காயில், ஹாரன் மட்டும் மாத்திட்டு உள்ள கரண்டு எடுக்குற பழைய 6 வோல்ட் ஸ்டேட்டரயும் அத பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற ரெக்டிஃபயரயும் அப்புடியே விட்டுட்டாங்க. கொஞ்ச நாள் பேட்டரில இருந்த சார்ஜ்லயே ஓடுச்சு, ஒரு ராத்திரி பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டைக்கு முன்னாடி லைட்டு மங்கி வண்டியே நின்னு போச்சு, பின்னாடி வந்த லாரிக்காரரு ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒதுங்கிப் போனாரு, இன்னும் அத நெனச்சா பதறுது. போயிக் கேட்டா உங்க பேட்டரி சரியில்லங்குறாங்க. ஸ்டேட்டர், ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், பேட்டரி, காயில், பல்பு எல்லாம் ஒண்ணா மாறணும், அத வாங்குறப்பவே எழுதி வாங்கிடுங்க. வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பேட்டரில வச்சு ரேஸ் பண்ணச் சொல்லுங்க, 14 வோல்ட் கிட்ட காட்டணும், ஏறாம 12லயே நின்னா சார்ஜ் ஏறல, வண்டிய எடுக்காதீங்க. ஹெட்லைட்டுக்கு எல்இடி போட்டுக்கிட்டேன், டிராஃபிக்ல ஐடில்ல நிக்கிறப்ப 60 வாட்ஸ் ஹாலஜன் பேட்டரியக் குடிச்சிடும். இண்டிகேட்டரும் ரெண்டு கண்ணாடியும் கட்டாயம் மாட்டுங்க, கையக் காட்டித் திரும்புனா இப்ப யாரும் பாக்குறதில்ல.

கடைசியா ஆர்சி புதுப்பிக்கிறது. 15 வருசத்துக்கு மேல அஞ்சு வருசத்துக்கு ஒருதரம். எங்களுது பழைய புக்கு, கம்ப்யூட்டர்ல ஏறவே இல்ல. கவுண்டர்ல இருந்தவரு "ஆன்லைன்ல காட்டலையே சார்"னு திருப்பி அனுப்பிட்டாரு, பழைய ரெக்கார்ட ஏத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லல, வெளில டீக்கடைல நின்னவருதான் சொன்னாரு. அத முடிச்சு வண்டியக் கொண்டு போனா சேசிஸ் நம்பர் தெரியல. பவுடர் கோட்டிங் போட்டவங்க நம்பர் மேல டேப் ஒட்டுங்கன்னு சொல்லியும் ஒட்டாம அடிச்சுட்டாங்க, பென்சில் தேச்சா பேப்பர்ல வெறும் கருப்புதான் வருது. வெயில்ல ஒக்காந்து தின்னர் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தா சுரண்டி எடுத்தோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், காத்திருந்து பாத்து கையெழுத்து போட்டாரு. தள்ளிப் போடாதீங்க, பீஸு 2022 ஏப்ரல்ல 300லேருந்து 1000 ஆச்சு, அப்பறமும் ஏறியிருக்கு, லேட்டானா மாசத்துக்கு 300 தனி.

கழட்டுன பழைய ஹப்பு, லைட்டு எதையும் எடைக்குப் போட்டுடாதீங்க. 50 வருசம் ஆன வண்டிய விண்டேஜ் வண்டியா பதிஞ்சு விஏ (VA) நம்பர் குடுக்குறதுக்கு 2021ல ஒரு விதி வந்துருக்கு, சேசிஸ், பாடி, இன்ஜின் மாத்தியிருக்கக் கூடாது, ஆனா அந்த நம்பர் வாங்குனா தெனமும் ஓட்ட முடியாது. எங்க வண்டிக்கு 2028ல 50 ஆகுது. இப்போதைக்கு ஓட்டத்தான் போறேன், சாமானெல்லாம் கிரீஸ் தடவி சாக்குல கட்டிப் பரண்ல வச்சிருக்கேன்.